அவசரத்துக்கென்று ஒரு செல்போன்

அன்றாடம் பேசுவதற்கல்லாமல், என்றோ ஒருநாள் நேரக்கூடிய ஆபத்தை மட்டும் எண்ணி ஒரு செல்போனை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் 1980களின் இறுதியில் தோன்றி, 1990களில் பரவியது. காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் அது கிடக்கும். நடுவழியில் வண்டி நின்றால், பனியில் சிக்கினால், விபத்தைக் கண்டால் எடுப்பார்கள். மற்ற நாட்களில் அதன் நினைவே இருக்காது. ஆண்டுக்கு ஒருமுறைகூடப் பயன்படாத கருவி, எடுக்கும் அந்த ஒருமுறை தவறாமல் வேலை செய்தாக வேண்டும். இந்த வழக்கத்தின் சிக்கலெல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. போன் அசையாமல் கிடந்தாலும் அதன் பேட்டரி தேய்ந்துகொண்டிருந்தது, கட்டணக் கெடு ஓடிக்கொண்டிருந்தது, அது பேச வேண்டிய கோபுரங்களின் தொழில்நுட்பம் மாறிக்கொண்டிருந்தது.

செல்போனுக்கு முன்பு, வண்டி பழுதாகி நிற்பவர் நம்பியிருந்தது சாலையோரத் தொலைபேசிப் பெட்டியை. கலிபோர்னியாவின் கவுண்டிகள் எனும் மாவட்ட நிர்வாகங்கள் நெடுஞ்சாலைகளில் இந்தப் பெட்டிகளை நட்டுப் பராமரிக்க, வாகனப் பதிவோடு சேர்த்து வண்டிக்கு ஆண்டுக்கு ஒரு டாலர் வசூலித்தன. 1970களில் லாரி ஓட்டுநர்களிடமிருந்து கார் வைத்திருப்போருக்கும் பரவிய, இருபுறமும் பேசக்கூடிய சிபி ரேடியோ இன்னொரு துணை. அதன் 9ஆம் சேனல் அவசரச் செய்திகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்து, காவல்துறைக்குத் தகவல் சொன்னார்கள். இந்த இரண்டிலும் தயார்நிலை பொதுப் பொறுப்பாக இருந்தது. பெட்டியைக் கவுண்டி பார்த்துக்கொண்டது. சேனலைத் தன்னார்வலர் பார்த்துக்கொண்டார். செல்போன் வந்தபோது அந்தப் பொறுப்பு, பெரிதாக யாரும் கவனிக்காமலே, வாங்கியவர் தலையில் விழுந்தது.

911 என்ற பொது அவசர எண்ணின் முதல் அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிற்றூரிலிருந்து போனது. வணிகச் செல்போன் சேவை அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1983 அக்டோபர் 13 அன்று சிகாகோவில் தொடங்கியது. கையில் எடுத்துச்செல்லக்கூடிய முதல் வணிகப் போனான மோட்டரோலாவின் டைனாடேக் 8000எக்ஸ் 3,995 டாலர் விலைக்கு விற்றது. எடை முக்கால் கிலோவுக்கு மேல். பத்து மணி நேரம் சார்ஜ் ஏற்றினால் அரை மணி நேரம் பேசலாம். இந்த விலைக்கு ஒன்றை வாங்கிச் சும்மா போட்டுவைக்க எவருக்கும் மனம் வராது. 1987 இறுதியில்கூட ஒரு வாடிக்கையாளரின் சராசரி மாதக் கட்டணம் 96 டாலர் அளவில் இருந்தது.

சும்மா வைத்திருப்பதற்கென்று சாதாரணக் குடும்பங்கள் வாங்கிய முதல் கருவி பை போன். தோளில் மாட்டும் பைக்குள் போனும் பேட்டரியும் ஆன்டெனா இணைப்பும் இருக்கும். வண்டியின் சிகரெட் லைட்டர் துளையில் செருகிக்கொள்ளலாம். கைபேசிகள் 0.6 வாட் ஆற்றலில் அலை அனுப்பியபோது இது 3 வாட்டில் அனுப்பியது. கோபுரங்கள் தொலைதூரத்துக்கு ஒன்றாக நின்ற மேற்கு மாநிலங்களில், கைபேசி ஊமையாகும் இடத்திலும் பை போன் பேசியது. பண்ணையாளர்களும் நெடுந்தூரம் ஓட்டுபவர்களும் மற்றவர்கள் கையடக்கப் போனுக்கு மாறிய பிறகும் அதை விடவில்லை. அதன் பெரிய வசதி ஒன்றை அன்று யாரும் வசதியாக எண்ணியிருக்க மாட்டார்கள்: காரிலிருந்தே மின்சாரம் எடுத்ததால், மாதக்கணக்கில் கிடந்தாலும் அதன் பேட்டரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வண்டி ஓடுமானால் போனும் பேசும். அவசரப் போன் கைக்குள் அடங்கியபோது இந்த உறுதி போய்விட்டது.

1990களில் போனின் விலை சரிந்தது. ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்துக்குக் கையெழுத்திட்டால் போனே மலிவாகவோ இலவசமாகவோ கிடைத்தது. குறைந்த மாத வாடகை, மிகச் சில இலவச நிமிடங்கள், அதற்குமேல் பேசினால் நிமிடத்துக்குக் கூடுதல் கட்டணம் என்ற பாதுகாப்புத் திட்டங்களை நிறுவனங்கள் விற்றன. இரவில் தனியாக வண்டி ஓட்டும் பெண், கல்லூரிக்குப் போகும் மகள், வயதான பெற்றோர் ஆகியோரைக் காட்டிய விளம்பரங்கள் அச்சத்தையே சரக்காக்கின. அந்த அச்சம் பொய்யுமல்ல. 1995 இறுதியில் அமெரிக்காவில் செல்போன் சந்தாக்கள் சுமார் 3 கோடியே 38 லட்சம். சந்தா கட்டியவர்களில் கணிசமானோர் பேசுவதற்காக அல்ல, பேச வேண்டிய நிலை வந்துவிட்டால் என்ற எண்ணத்தில்தான் மாதாமாதம் பணம் கட்டினார்கள்.

சந்தா கட்டாதவர் 911ஐ அழைத்தால் என்ன செய்வது என்ற கேள்வி அப்போதுதான் கூர்மையானது. வேறு நிறுவனத்தின் எல்லைக்குள் நுழைந்த போனிலிருந்தோ, கணக்கு முடக்கப்பட்ட போனிலிருந்தோ வரும் அழைப்பை, பணம் யார் தருவார் என்று தெரியாமல் சில நிறுவனங்கள் தடுத்தன. நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.சி. 1996ல் இதற்கு விதி வகுத்து, 1997ல் அதை விரிவாக்கியது: சந்தா இருக்கிறதா, கணக்கு செல்லுமா என்று பாராமல் 911 அழைப்புகள் அனைத்தையும் செல் நிறுவனங்கள் அவசர மையத்துக்கு அனுப்ப வேண்டும். முதல் தலைமுறையான அனலாக் போன்கள் தமது நிறுவனத்தின் கோபுரம் எட்டாத இடத்தில் போட்டி நிறுவனத்தின் கோபுரத்தைப் பிடித்தாவது 911ஐச் சேர வேண்டும் என்ற விதி 1999ல் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 911 நாடு முழுவதுக்குமான அவசர எண்ணாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

இந்த விதிகளால் அலமாரியில் கிடந்த பழைய போன்களுக்கு ஒரே நாளில் மதிப்பு வந்தது. புதுப்போன் வாங்கியவர் பழையதைக் காருக்குள் போட்டார். மாதச் செலவு எதுவுமில்லாத அவசரப் போன் அது. தொண்டு முயற்சிகளும் கிளம்பின. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்குப் போன் வழங்கும் திட்டத்தை 1996லேயே செல் துறையின் அறக்கட்டளை தொடங்கியிருந்தது. வெரைசன் நிறுவனம் தன் ஹோப்லைன் திட்டத்தின் வழியே 2001 முதல் பழைய போன்களைத் திரட்டியது. பல ஊர்களில் ஷெரீஃப் அலுவலகங்கள் பழைய போன்களைச் சேகரித்து, 911 மட்டும் அழைக்கலாம் என்று சொல்லி முதியோருக்குக் கொடுத்தன.

நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். ஆனால் அதில் ஓட்டைகள் இருந்தன. சந்தா இல்லாத போனுக்கு எண் கிடையாது. பேசும்போது இணைப்பு அறுந்தால் அவசர மையம் திருப்பி அழைக்க வழியில்லை. அழைத்தவர் எங்கிருக்கிறார் என்று சொல்லும் ஜிபிஎஸ் வசதியும் பழைய போன்களில் இல்லை. குழப்பத்தைக் குறைக்க எஃப்.சி.சி. 2002ல் ஒரு விதி கொண்டுவந்தது: நிறுவனங்கள் தானமாகத் தரும் போன்களில் 123-456-7890 என்ற போலி எண்ணைப் பதிக்க வேண்டும், இதற்குத் திருப்பி அழைக்க முடியாது என்பது மையத்தில் இருப்பவருக்குப் பார்த்தவுடன் புரிய வேண்டும். பின்னர் அதற்குப் பதிலாக, 911ஐத் தொடர்ந்து போனின் வரிசை எண்ணின் ஏழு இலக்கங்கள் தெரியும் முறை வந்தது. வேடிக்கைக்கு அழைப்பவர்களும் இந்த முகமற்ற போன்களைக் கண்டுகொண்டார்கள். 2006 இறுதியில் டென்னஸி மாநிலம் எண்ணிப் பார்த்தபோது, சந்தா இல்லாத போன்களிலிருந்து சில மாதங்களில் வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட 911 அழைப்புகளில் உண்மையான அவசரம் 188தான். ஜெர்மனி இதே தொல்லையால் 2009ல் சிம் இல்லாத போன்கள் 112 என்ற அவசர எண்ணை அழைப்பதை நிறுத்தியது. அமெரிக்காவில் 2015ல் எஃப்.சி.சி. சந்தா இல்லாத போனின் 911 அழைப்பையும் அனுப்ப வேண்டும் என்ற விதியை விலக்கிக்கொள்ள யோசனை வெளியிட்டது, அது விதியாகவில்லை.

இன்னொரு குறை அதிகம் பேசப்படவில்லை. 911க்குச் சோதனை அழைப்பு செய்யக் கூடாது. மையத்திடம் முன்கூட்டியே சொல்லி நேரம் வாங்கினால் ஒழிய அது அவசரத் தடத்தை அடைக்கும் செயல். சந்தா உள்ள போனை வீட்டுக்கு ஒரு அழைப்பு செய்து சோதிக்கலாம். சந்தா இல்லாத போன் வேறு எந்த எண்ணையும் அழைக்காது. அது வேலை செய்கிறதா என்று உடைமையாளருக்குத் தெரியும் முதல் நாள், அது தேவைப்படும் நாள்தான்.

பேட்டரி இவை எல்லாவற்றையும்விட முந்திக்கொண்டு ஏமாற்றியது. தொடக்கக் கைபேசிகளில் இருந்த நிக்கல்-காட்மியம் பேட்டரி சும்மா இருந்தாலே மாதத்துக்குப் பத்து முதல் இருபது சதவீதம் வடியும். அடுத்து வந்த நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி அதிகம் கொள்ளும். ஆனால் அதைவிட வேகமாக, மாதத்துக்கு ஏறத்தாழ முப்பது சதவீதம் வடியும். கோடைப் பயணத்துக்கென முழுதாக ஏற்றிவைத்த போன் டிசம்பர் பனியில் திறக்கும்போது வெறுமையாக இருப்பதில் வியப்பில்லை. நிக்கல்-காட்மியம் பேட்டரியை முழுதாக வடியவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்ற அறிவுரை அன்று எல்லார் வாயிலும் இருந்தது. அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. பேட்டரியின் வேதியியல் மாறிய பிறகும் அந்த அறிவுரை மாறவில்லை. லித்தியம் பேட்டரிகள் பலவற்றை அது காவு வாங்கியது.

லித்தியம் அயனி பேட்டரியை 1991ல் சோனி வணிகத்துக்குக் கொண்டுவந்தது. பத்தாண்டுகளுக்குள் அது செல்போன்களை ஆக்கிரமித்தது. தானாக வடிவது இதில் மாதத்துக்குச் சில சதவீதமே. அவசரப் போனுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் லித்தியம் வடிவதைக் குறைத்துக்கொண்டு மூப்படைவதைக் கூட்டிக்கொண்டது. முழு சார்ஜோடு 40 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு வைத்திருந்தால் அதன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு நிரந்தரமாகப் போய்விடும்; 40 சதவீத சார்ஜோடு 25 டிகிரியில் வைத்திருந்தால் நான்கு சதவீதம் அளவே போகும். பேட்டரி நீடிக்க அரைகுறை சார்ஜும் குளிர்ந்த இடமும் வேண்டும். அவசரத்துக்கோ முழு சார்ஜ் வேண்டும், காரிலேயே இருக்கவும் வேண்டும். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியை எட்டக்கூடும். பேட்டரியைக் கெடுப்பதற்கென்றே ஒரு இடம் தேடினாலும் டேஷ்போர்டைவிடச் சிறந்தது கிடைக்காது. வட மாநிலங்களின் குளிர்காலம் மறுமுனையிலிருந்து தாக்கியது: உறைநிலைக்கு வெகு கீழே லித்தியம் பேட்டரி தன்னிடம் உள்ள மின்சாரத்தைக்கூட முழுதாகத் தராது.

மறந்தே போன பேட்டரிக்கு வேறொரு முடிவு இருந்தது. மின்னழுத்தம் சுமார் 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரிக்குள் இருக்கும் காப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். அதன் பிறகு சாதாரண சார்ஜர் அதைப் பேட்டரி என்றே அடையாளம் காணாது. போனை அணைத்து வைத்தாலும் உள் கடிகாரத்துக்கும் காப்புச் சுற்றுக்கும் துளித்துளியாக மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அணைக்காமல் வைத்தாலோ இன்னும் மோசம்: சிக்னல் பலவீனமான இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே சில நாட்களில் ஓய்ந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது எடுத்து ஏற்றி வைப்பது, காருக்கான சார்ஜரைப் போனோடு சேர்த்தே வைப்பது என்ற பழக்கங்கள் இந்த அனுபவங்களிலிருந்துதான் நிலைத்தன.

கட்டணப் பக்கத்தில் ப்ரீபெய்ட் முறை வந்து நிலைமையை மாற்றியது. 1996ல் மயாமியில் தொடங்கிய டிராக்ஃபோன் போன்ற நிறுவனங்கள் ஒப்பந்தம் இல்லாமல் நிமிடங்களை அட்டைகளாக விற்றன. நிமிடங்களுக்குக் கெடு உண்டு. அவசரப் போன் வைத்திருப்பவருக்கு நிமிடங்கள் எத்தனை என்பது பொருட்டல்ல, கெடு எத்தனை நாள் என்பதுதான் கணக்கு. ஆகவே ஓராண்டுக் கெடு கொண்ட அட்டைகளுக்கு மவுசு இருந்தது. டி-மொபைல் ஒரு காலத்தில் 100 டாலருக்கு ஏற்றினால் 1,000 நிமிடங்களும் ஓராண்டு கெடுவும் தந்தது. அதற்குப் பிறகு ஆண்டுக்குப் பத்து டாலர் போட்டாலே கணக்கு உயிரோடிருக்கும். இந்தத் துறையில் இவ்வளவு மலிவான காப்பீடு அதற்கு முன்னும் பின்னும் அரிது. நிறுவனம் பின்னர் அதை நிறுத்தியது.

பேட்டரிக்கான மிகத் துணிச்சலான தீர்வு 2012 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் அறிமுகமானது. ஸ்பேர்ஒன் என்ற அந்தப் போனுக்குத் திரையே இல்லை. ரீசார்ஜ் பேட்டரிக்குப் பதிலாக, சுவர்க் கடிகாரத்தில் போடுவது போன்ற சிறிய லித்தியம் செல் ஒன்றே ஒன்று. பயன்படுத்தாமல் வைத்திருந்தால் பதினைந்து ஆண்டுகள் சக்தி தங்கும் என்றும், பத்து மணி நேரம் பேசலாம் என்றும் தயாரிப்பாளர் சொன்னார். விலை சுமார் 50 டாலர். மறுமுறை ஏற்ற முடியாத லித்தியம் செல்கள் உண்மையிலேயே அவ்வளவு காலம் தாங்கக்கூடியவை. தவறு பேட்டரியில் இல்லை. அது 2ஜி ஜிஎஸ்எம் போன். அமெரிக்காவில் அந்தச் சேவையின் பெரிய நிறுவனமான ஏடி அண்ட் டி, 2017 ஜனவரி 1 அன்று தன் 2ஜியை மூடியது. பதினைந்தாண்டு வாக்குறுதிக்கு ஐந்தாண்டிலேயே பாதி நாடு இல்லாமல் போயிற்று.

வலைப்பின்னல் மூடப்படும் இந்தக் கதை அதற்கும் முன்பே தொடங்கியது. அனலாக் சேவையை நிறுவனங்கள் தொடர்ந்து நடத்த வேண்டிய கட்டாயம் 2008 பிப்ரவரி 18 அன்று முடியும் என்று எஃப்.சி.சி. 2002லேயே நாள் குறித்திருந்தது. அனலாக் பை போன்களும், முதல் தலைமுறை அவசரப் போன்களும் அதோடு உயிரற்றுப்போயின. அடுத்த அலை 2022ல் வந்தது. ஏடி அண்ட் டி பிப்ரவரி 22 அன்று 3ஜியை மூடியது; டி-மொபைல் தான் வாங்கிய ஸ்பிரின்ட்டின் சிடிஎம்ஏ சேவையையும் தன் 3ஜியையும் அவ்வாண்டின் நடுவில் முடித்தது; வெரைசன் டிசம்பர் 31 அன்று முடித்தது. 4ஜி என்று பெயர் தாங்கிய போன்களும் இதில் தப்பவில்லை. இணையத்துக்கு 4ஜியும் பேச்சுக்கு 3ஜியும் பயன்படுத்திய தொடக்க கால 4ஜி போன்களில், 4ஜி வழியே பேச உதவும் வோல்ட்டி வசதி இல்லையென்றால் குரல் அழைப்பு போகாது. தினமும் போன் பயன்படுத்துபவருக்கு நிறுவனம் குறுஞ்செய்தி அனுப்பி எச்சரித்தது, சிலருக்கு இலவசப் போனும் அனுப்பியது. சந்தா இல்லாமல் டேஷ்போர்டில் கிடந்த போனுக்கு எச்சரிக்கை அனுப்ப முகவரியே இல்லை. எந்தப் பழைய போனும் 911ஐ அழைக்கும் என்ற 1996ன் வாக்குறுதி சட்டத்தில் அப்படியே நீடிக்கிறது. அதைக் கேட்க எந்தக் கோபுரமும் இல்லாத போன்களின் எண்ணிக்கைதான் கூடியது.

இந்தியாவில் இதே வழக்கம் தலைகீழான வரிசையில் இடறியது. 1995 ஜூலை 31 அன்று முதல் செல்போன் அழைப்பு நிகழ்ந்த காலத்தில் பேசுவதற்கும், வரும் அழைப்பை எடுப்பதற்கும்கூட நிமிடக் கட்டணம் இருந்தது. சும்மா வைத்திருக்க யாரும் போன் வாங்கவில்லை. 2003 மே முதல் வரும் அழைப்பு இலவசமானது. 2005 இறுதியிலும் 2006 தொடக்கத்திலும் ஆயிரம் ரூபாய்க்குள் ஒருமுறை கட்டினால் ஆயுள் முழுதும் என்ற திட்டங்கள் வந்தபோது, வீட்டில் பாட்டிக்கென்றும் தோட்டத்துக்கென்றும் ஒரு பட்டன் போன் வைப்பது சாத்தியமாயிற்று. 2003ல் வந்த டார்ச் விளக்குடன் கூடிய நோக்கியா 1100 உலகெங்கும் 25 கோடி விற்றது. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை அவ்வகை மலிவு போன்களைக் கோடிக்கணக்கில் செய்தது. அவற்றின் பிஎல்-5சி பேட்டரியைக் கழற்றி மாற்றலாம், எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். அந்த வகையில் 4.6 கோடி பேட்டரிகள் அதிகம் சூடாகலாம் என்று 2007 ஆகஸ்டில் நோக்கியா எச்சரித்தபோது மக்கள் அஞ்சினாலும், பேட்டரியின் புழக்கம் குறையவில்லை; பண்பலை ரேடியோக்களும் சிறு ஒலிபெருக்கிகளும் இன்றும் அதில் ஓடுகின்றன.

ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல் ஆகியவை 2ஜியைத் தொடர்வதால், ரிலையன்ஸும் டாடாவும் விற்ற சிடிஎம்ஏ போன்களைத் தவிர, இருபதாண்டுப் பழைய பட்டன் போனுக்கும் இங்கே கோபுரம் பதில் சொல்லும். இங்கு முதலில் சாவது சிம். தொண்ணூறு நாட்கள் பயன்படுத்தாத ப்ரீபெய்ட் எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம். ஆனால் கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் முப்பது நாள் காக்க வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013ல் விதித்தது. 2018 இறுதியில் நிறுவனங்கள் 28 நாளுக்கு 35 ரூபாய் என்ற குறைந்தபட்ச ரீசார்ஜைக் கொண்டுவந்தபோது, ஆயுள் முழுதும் என்று வாங்கிய சிம்களும் மாதாமாதம் காசு கேட்டன. கட்டத் தவறிய எண், சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போய்விடும். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான, 365 நாள் வரை செல்லும் திட்டங்களைத் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் சொன்னது, எப்போதாவது மட்டும் போனை எடுப்பவர்களுக்கு நெடுநாள் கழித்துக் கிடைத்த சலுகை.

அவசர அழைப்பை மட்டும் தனியாகச் சோதிக்க வேண்டிய நிலை கடைசியாக ஆஸ்திரேலியாவில் வெளிப்பட்டது. அங்கே 3ஜி 2024 அக்டோபர் இறுதியில் மூடப்பட்டது. அதற்கு முன் ஆய்ந்தபோது, அன்றாடப் பேச்சுக்கு 4ஜியைப் பயன்படுத்தும் சில போன்கள், 000 என்ற அந்நாட்டு அவசர எண்ணை அழைக்கும்போது மட்டும் 3ஜிக்குத் தாவுவது தெரியவந்தது. இவை நாள்தோறும் பேசுவதற்குப் பழுதில்லாதவை. அவசரத்துக்கு மட்டும் உதவாதவை. அத்தகைய போன்களுக்கு எந்தச் சேவையும் அளிக்கக் கூடாது என்று அரசு விதித்தது. நிறுவனங்கள் போனின் அடையாள எண்ணைப் பார்த்து அவற்றை வலைப்பின்னலிலிருந்து நீக்கின.